பையைச் சோதிக்கிறீர்கள், பிள்ளையைக் கேட்டீர்களா?



பாடசாலைக்குள் மாணவர்கள் கைத்தொலைபேசி வைத்திருக்கக் கூடாது என்ற விதியை நாங்கள் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறோம். இல்லாவிட்டால் 'சங்கக்காரர்கள் பிள்ளைகளுக்குப் போன் கேட்டுப் போராடுகிறார்கள்' என்று நாளைக் காலையிலேயே பிரட்டுக்களத்தில் கதை கட்டிவிடுவார்கள். வகுப்பறையில் நின்று படிப்பிக்கிறவர்கள் நாங்கள். கணக்குப் பாடம் நடக்கும்போது மேசைக்குக் கீழே ஒரு சின்னத் திரை மின்னினால் அந்த ஒரு பிள்ளை மட்டுமா பாடத்தை விடுகிறது? அந்த வாங்கில் இருக்கிற நாலு பிள்ளைகளும் சேர்ந்தே போய்விடுகிறார்கள். வகுப்பு நேரத்தில் போன் வேண்டாம். இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

நாங்கள் எதிர்ப்பது வேறொரு காரியத்தை. பிள்ளைகளின் பாதுகாப்பு என்று யாராவது வாய் திறந்தால் போதும், 'எல்லாம் இந்தப் போனால் வந்த வினை' என்று பேச்சைத் திருப்பிவிடுகிறார்கள். 2025 மே மாதத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. பாடசாலை வாசலில் பைகளைக் கொட்டிச் சோதிக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் போனைத் திட்டித் தீர்க்கிறார்கள். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அது யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன செய்வார்கள் என்ற ஒரு வார்த்தை அந்தக் கூட்டங்களில் வருவதில்லை.

மே மாதத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு தமிழ் மகளிர் பாடசாலையில் படித்த மாணவி, ஏப்ரல் கடைசியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்தப் பாடசாலையின் ஆசிரியர் ஒருவர் அவளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்று பெற்றோர் பல மாதங்களுக்கு முன்பே பொலிஸில் முறைப்பாடு செய்திருந்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் தீர்ப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லாத சில விடயங்கள் எல்லோருடைய கண் முன்னாலும் நடந்தன. முறைப்பாடு செய்த பிள்ளை பாடசாலையை விட்டு வேறு பாடசாலைக்குப் போக வேண்டியிருந்தது. முறைப்பாட்டுக்கு உள்ளான ஆசிரியர் இடமாற்றம் பெற்று இன்னொரு பாடசாலைக்குப் போனார். டியூஷன் வகுப்பிலும் எல்லோர் முன்னாலும் பிள்ளை அவமானப்படுத்தப்பட்டாள் என்று பெற்றோர் சொன்னார்கள். சம்பந்தப்பட்டவர் அதை மறுத்தார். பிள்ளை போன பிறகு, விடயம் வெளியே வந்து ஊரே கொதித்த பிறகுதான் கல்வி அமைச்சு அந்த ஆசிரியரைக் கட்டாய விடுமுறையில் அனுப்பியது. மே 8ஆம் திகதி பம்பலப்பிட்டியில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது.

இந்தக் கதையில் போன் எங்கே வருகிறது, சொல்லுங்கள் பார்ப்போம். அந்தப் பிள்ளையின் பையைத் தினமும் சோதித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? புத்தகமும் சாப்பாட்டுப் பெட்டியும் கிடைத்திருக்கும்.

போன் வந்தது பிறகுதான். அதுவும் பெரியவர்களின் கையில் வந்தது. அவள் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அவளுடைய படத்தை, பெயரை, பாடசாலைச் சீருடையோடு நின்ற புகைப்படத்தை வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போட்டுப் போட்டுப் பகிர்ந்தவர்கள் யார்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளா? நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். கண்ணீர்ப் படம் ஒன்றைச் சேர்த்து, பாட்டு ஒன்றையும் போட்டு, தங்கள் பக்கத்துக்கு ஆள் சேர்த்தார்கள். இதே பெரியவர்கள்தான் இன்று 'பிள்ளைகளுக்குப் போனைப் பாவிக்கத் தெரியவில்லை' என்கிறார்கள். இந்த இதழில் அவளுடைய பெயரை எழுதமாட்டோம். எங்கள் உறுப்பினர்கள் தங்கள் போனில் அந்தப் படம் இருந்தால் அழித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இதே கொழும்பில் முன்னர் நடந்ததையும் கொஞ்சம் ஞாபகப்படுத்த வேண்டும். 2009ஆம் ஆண்டு. பிரபலமான மகளிர் பாடசாலை ஒன்றில் ஒரு மாணவியிடம் கைத்தொலைபேசி இருப்பது பிடிபட்டது. விசாரித்தார்கள், கண்டித்தார்கள். அவள் உயிரை விட்டாள். நாடே அதிர்ந்தது. அதிர்ந்த பிறகு அரசாங்கம் என்ன செய்தது? அந்த வருடமே பாடசாலைகளில் கைத்தொலைபேசியைத் தடை செய்தது. யோசித்துப் பாருங்கள். பிள்ளை போனால் சாகவில்லை. பிடிபட்ட பிறகு நடந்த விசாரணையும் வெட்கமும் பயமும் சேர்ந்துதான் அவளைத் தாங்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோயின. தடை செய்வதென்றால் பிள்ளையை அவமானப்படுத்தி விசாரிப்பதை அல்லவா முதலில் தடை செய்திருக்க வேண்டும்? அதைத் தொடவில்லை. பொருளைத் தடை செய்வது சுலபம். ஒரு சுற்றறிக்கை போதும். ஆசிரியர் அறையில் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதை மாற்றுவதுதான் கஷ்டம்.

அதே 2009, ஓகஸ்ட் மாதம். பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து பொரளைப் பக்கம் போகும் பௌத்தாலோக மாவத்தையை நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே பங்களாக்களில் வேலை செய்தவர்கள் நமது லயங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள். அந்த வீதியோரக் கால்வாயில் மஸ்கெலியாத் தோட்டப் பிள்ளைகள் இரண்டு பேரின் உடல்கள் கிடைத்தன. பாடசாலையில் இருந்திருக்க வேண்டிய வயது. வீட்டு வேலைக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். தற்கொலை என்று பொலிஸ் சொன்னது, பெற்றோர் நம்பவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, 2021 ஜூலையில், அதே பௌத்தாலோக மாவத்தையில் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் வேலை செய்த டயகமப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு இறந்தாள். அவளுக்காக ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நாமெல்லாம் வீதியில் நின்றோம்.

போனைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டு ஏன் இதையெல்லாம் இழுக்கிறோம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிவந்த பெண்களோடு பேசிப் பாருங்கள். போய்ச் சேர்ந்த முதல் நாளே 'போனை இங்கே கொடு, தேவையென்றால் கேள்' என்று வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்ட கதையைப் பலர் சொல்வார்கள். பேச வேண்டுமென்றால் வீட்டுக்காரம்மா பக்கத்தில் நிற்பார், போன் ஸ்பீக்கரில் இருக்கும். 'நல்லா இருக்கேன்மா' என்பதற்கு மேல் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? அங்கேயும் போன் தடைதான். அங்கேயும் பிள்ளையின் நன்மைக்கென்றுதான் சொல்கிறார்கள், 'பையன்களோடு பேசிக் கெட்டுப்போகும்' என்று.

அதனால்தான் தடை என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்களுக்கு இரண்டு கேள்வி வருகிறது. தடை செய்த நேரத்தில் பிள்ளை யாரோடு பேசும்? அந்தப் பேச்சை யார் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்? பாடசாலை இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் வைத்திருந்தால் தடையைத் தாராளமாகப் போடட்டும்.

இனி நமது தோட்டப்புறத்துக்கு வருவோம். கொழும்புப் பிள்ளைக்குப் பாடசாலை வாசலில் வேன் நிற்கும். வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் வீடென்றால் நடந்தாலும் பத்து நிமிடம், இரண்டு பக்கமும் கடைகள். நமது பிள்ளை மேற்பிரிவிலிருந்து தேயிலை மலைக்குள்ளால் நாலு கிலோமீற்றர் இறங்க வேண்டும். பாடசாலை முடிந்து மாலை வகுப்பும் இருந்தால் ஐந்தரைக்கு மேல் மலை ஏற வேண்டும். பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவர் யாரென்று தெரியாது. அட்டை, குளவி, சிறுத்தை எல்லாவற்றையும்விட அந்தப் பாதையில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர்களுக்குத்தான் நமது பெண்பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்தப் பிள்ளையின் கையில் அம்மா தன் போனைக் கொடுத்து அனுப்புகிறாள் என்றால் டிக்டொக் பார்ப்பதற்காகக் கொடுத்து அனுப்பவில்லை.

'அம்மாவின் போன்' என்று எழுதினோம். இதைக் கவனியுங்கள். பிடிபடுகிற போன்களில் பெரும்பாலானவை பிள்ளையின் போன் அல்ல, வீட்டின் ஒரே போன். அஸ்வெசும செய்தி வருவது அதில். வங்கிக் குறுஞ்செய்தி வருவது அதில். தகப்பன் கொழும்பில் கடையில் நின்றால், தாய் பம்பலப்பிட்டி மாடிவீட்டில் சமையல் வேலை செய்தால் அல்லது குவைத்தில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை முகம் பார்த்துப் பேசுவது அதில்தான். பாட்டியோடு லயத்தில் வளர்கிற பிள்ளைக்கு அந்தப் போன்தான் தாய் மடி. அதை அதிபர் வாங்கி, 'தவணை முடிந்து வந்து எடு' என்று இரும்பு அலுமாரிக்குள் பூட்டினால் தண்டனை யாருக்கு? நாட்சம்பளம் வாங்குகிற தொழிலாளி, ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் பாடசாலைக்கு வந்து கை கட்டி நிற்கிறார், தன்னுடைய சொந்தப் போனைக் கேட்டு. எத்தனை தகப்பன்மாரை அந்த விறாந்தையில் பார்த்துவிட்டோம். துரைக்கு முன்னால் இப்படி நிற்கக் கூடாது என்றுதான் நம் பெரியவர்கள் சங்கம் கட்டினார்கள். அதிபர் அறைக்கு முன்னாலும் நிற்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிள்ளையின் கையில் இந்தப் போனைக் கொடுத்தது யார்? 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். மூடியவுடன், இவ்வளவு காலமும் தடை செய்த அதே போனுக்குள் பாடசாலையையே கொண்டுபோய் வைத்தார்கள். வட்ஸ்அப்பில் பாடம், ஸூமில் வகுப்பு. போன் இல்லாத பிள்ளை படிக்காத பிள்ளை என்று ஆகிவிட்டது. நமது பெண்கள் சீட்டெடுத்தார்கள், தோட்டை அடகு வைத்தார்கள், கடைக்காரரிடம் தவணைக் கட்டணத்தில் ஸ்மார்ட் போன் வாங்கினார்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கும் நீர்த்தாங்கி மேட்டுக்கும் ஏறினார்கள், மழையில் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டார்கள். அந்த நாளில் 'போன் கெட்டது' என்று ஒரு அதிகாரியும் சொல்லவில்லை. பாடசாலை திறந்த பிறகு அந்தப் பழக்கம் மட்டும் பிள்ளையிடம் மிச்சமாக நின்றது, கடன் தாயிடம் நின்றது. இன்றைக்கும் பாருங்கள், பகலில் வாசலில் போனைப் பறிக்கிற பாடசாலை இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் வீட்டுவேலை அனுப்புகிறது! எந்தக் கையால் பறிப்பது, எந்தக் கையால் கொடுப்பது?

போனில் ஆபத்து இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கிறது, நிறைய இருக்கிறது. நள்ளிரவு வரை திரையைப் பார்த்துவிட்டுக் காலையில் வகுப்பில் தலை சாய்கிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம். தெரியாத ஒருவன் பெண் பெயரில் கணக்குத் திறந்து நண்பனாகி, ஒரு படம் வாங்கி, பிறகு அந்தப் படத்தைக் காட்டி மிரட்டுகிற வேலை கொழும்பில் மட்டும் நடப்பதில்லை, சிக்னல் வருகிற எல்லா லயத்திலும் நடக்கிறது. ஆனால் தோழர்களே, இது நடக்கிற நேரத்தைக் கவனியுங்கள். காலை ஏழரைக்கும் பகல் ஒன்றரைக்கும் இடையில் வகுப்பறையில் நடக்கிற காரியமா இது? இரவில், போர்வைக்குள், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நடக்கிறது. பாடசாலைத் தடை அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. பாடசாலையில் தடை போட்டுவிட்டோம், பிள்ளைக்கு இனிப் பயமில்லை என்று நினைக்கிற தாய் தகப்பன் வாசலைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தவர்கள்.

அந்தப் பின்கதவு விடயத்தில் நாம் செய்ய வேண்டியது நம் கையில்தான் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு போன் அம்மாவின் தலைமாட்டில் இருக்க வேண்டும். ஒற்றைக் காம்பராவில் நாலு பேர் படுக்கிற லயத்தில் இது கஷ்டமில்லை. இடமில்லாமல் இருப்பதில் ஒரு நன்மையாவது இருக்கட்டும். மிரட்டல் வந்தது என்று பிள்ளை சொன்னால் முதலில் அடிக்காதீர்கள். நீங்கள் அடிப்பீர்கள் என்ற பயத்தை நம்பித்தான் மிரட்டுகிறவன் பிழைப்பே நடத்துகிறான். பணம் அனுப்பாதீர்கள், இன்னொரு படமும் அனுப்ப விடாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யுங்கள். குற்றம் செய்தவன் அவன், பிள்ளை அல்ல.

வெளிநாட்டையும் எடுத்துக் காட்டுகிறார்கள். 'பிரான்ஸிலேயே தடை செய்துவிட்டார்கள்' என்று. உண்மைதான், 2018இல் பிரான்ஸ் பதினைந்து வயது வரையான மாணவர்களுக்குப் பாடசாலையில் போனைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. அவுஸ்திரேலியா பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று 2024இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. அந்த அவுஸ்திரேலியச் சட்டத்தில் நமக்குப் பிடித்த ஒரு விடயம் உண்டு. தண்டப்பணம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, கம்பனிக்குத்தான். இங்கே தலைகீழ். கம்பனியை யாரும் கேட்பதில்லை, ரீலோட் போடுகிற தொழிலாளியின் பிள்ளை முட்டுக்கால் போட்டு நிற்கிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட கல்வி அறிக்கையும், படிப்புக்கு உதவுகிற இடத்தில் மட்டுமே பாடசாலையில் போன் இருக்கட்டும் என்றுதான் சொன்னது. நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். பிள்ளைகளை அடிக்கச் சொல்லி எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

அடி என்று எழுதியதால் ஒரு வார்த்தை. பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. போன் வைத்திருந்ததற்கும் அது பொருந்தும். பிரம்பு, முட்டுக்கால், மைதானத்தில் வெயிலில் நிற்க வைத்தல், காலைக் கூட்டத்தில் மேடையேற்றிப் பெயர் சொல்லித் திட்டுதல், எல்லோர் முன்னாலும் போனை உடைத்தல் எதுவும் விதியில் இல்லை. பெண்பிள்ளையின் உடலைத் தடவிச் சோதிப்பது என்றால் அதை நாங்கள் ஒழுக்கம் என்று சொல்லமாட்டோம். அப்படிச் செய்பவர் யாராக இருந்தாலும், எங்கள் ஆசிரியர் சங்கத்தில் சந்தா கட்டுகிறவராக இருந்தாலும், அவருக்காகச் சங்கம் பேச வராது. பறித்த போனைத் திறந்து படங்களையும் செய்திகளையும் புரட்டிப் பார்க்கிற பழக்கமும் சில இடங்களில் உண்டு. அந்தப் போனில் ஒரு தாயின் படம் இருக்கும், குடும்பத்தின் கடன் கணக்கு இருக்கும். அதைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது ஆசிரியர்களான எங்கள் பக்கத்தைப் பேசுவோம். எங்கள் தோழர்கள் சிலருக்கு இது கசக்கும். தடை மாணவர்களுக்கு மட்டும் போதாது. எந்த ஆசிரியரும், எந்த டியூஷன் மாஸ்டரும், எந்தப் பயிற்றுவிப்பாளரும் ஒரு மாணவிக்குத் தனிப்பட்ட முறையில் செய்தி அனுப்பக் கூடாது. பாட விடயம் என்றால் பெற்றோரும் இன்னொரு ஆசிரியரும் இருக்கிற குழுவில் போடட்டும். இரவு பத்து மணிக்கு 'சாப்பிட்டியா' என்று கேட்பதில் பாடம் எதுவும் இல்லை. போன் தடையைப் பற்றி உரக்கப் பேசுகிற சிலரிடம் இந்த ஒரு விதியை முன்வைத்துப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் அமைதியாகிவிடுகிறார்கள் என்பது தெரியும்.

அடுத்தது இடமாற்றம். பம்பலப்பிட்டி விடயத்தில் நமக்கு மிகவும் நெருங்கிய பகுதி இதுதான், ஆனால் மலையகத்தில் இதை யாரும் பேசவில்லை. ஒரு நகரப் பாடசாலையில் ஒருவர் மீது இப்படி முறைப்பாடு வந்தால், 'பாடசாலையின் பெயர் கெட்டுவிடும்' என்று சத்தமில்லாமல் அவரை வேறிடத்துக்கு மாற்றுவது இந்த நாட்டில் பழைய வழக்கம். தண்டனை இடமாற்றம் என்று சொல்லுவார்கள். தண்டனை இடமாற்றம் என்றால் எங்கே அனுப்புவார்கள்? கொழும்பு ஏழுக்கா அனுப்புவார்கள்? கஷ்டப் பிரதேசம் என்று பட்டியலிட்ட பாடசாலைகளுக்கு. அதாவது கேள்வி கேட்கப் பெற்றோர் வரமாட்டார்கள், வந்தாலும் சிங்களத்தில் முறைப்பாடு எழுதத் தெரியாது, ஆசிரியர் பற்றாக்குறையால் யார் வந்தாலும் கும்பிட்டு ஏற்றுக்கொள்வார்கள் என்று அவர்கள் நினைக்கிற இடங்களுக்கு. அந்தப் பட்டியலில் நமது தோட்டப் பாடசாலைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நகரத்துப் பிள்ளைக்கு ஆபத்து என்று அகற்றப்பட்ட ஒருவர் தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆபத்தில்லாதவர் ஆவார்? ஒரு மாணவர் போன் கொண்டுவந்தால் அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிடுகிறார்கள். ஒரு ஆசிரியர் எந்தக் காரணத்துக்காக நம் பாடசாலைக்கு வந்தார் என்று பெற்றோருக்கு யாராவது சொல்கிறார்களா?

விசாரணை முடியும் வரை முறைப்பாட்டுக்கு உள்ளானவர் எந்தப் பாடசாலை வகுப்பறைக்கும் போகக் கூடாது. சம்பளம் கொடுங்கள், அலுவலகத்தில் உட்கார வையுங்கள், பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். ஆசிரியரின் தொழில் உரிமையைப் பாதுகாப்பது சங்கத்தின் கடமை என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பொய் முறைப்பாடு என்றால் விசாரணையில் தெரியட்டும், அப்போது அவருக்காகச் சங்கம் நிற்கும். அதுவரைக்கும் பிள்ளைகளின் பக்கம் நிற்போம்.

ஆகவே போன் தடையை வைத்துக்கொள்ளுங்கள் என்று அதிபர்களிடம் சொல்கிறோம். அதோடு இதையும் செய்யுங்கள். வாசலில் ஒரு பெட்டி வையுங்கள், காலையில் பெயர் எழுதிக் கொடுத்த போனைப் பிள்ளை பாடசாலை விடும்போது கையெழுத்து வைத்து எடுத்துக்கொண்டு போகட்டும். மலைப்பாதையில் அது அவளோடு இருக்கட்டும். மறைத்து வைத்துப் பிடிபட்டால், அன்று மாலைக்குள் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள், தவணை முடியும் வரை பூட்டி வைக்காதீர்கள். காரியாலயத்தில் பிள்ளைகள் வீட்டுக்கு இலவசமாகப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி இருக்க வேண்டும், பேசும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் நம்பிப் பேசக்கூடிய ஒரு ஆசிரியையின் பெயரை, அதிபரோ நிர்வாகமோ தெரிவு செய்யாமல் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிவு செய்து, எல்லா வகுப்பிலும் எழுதி ஒட்டுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் 1929 இலக்கத்தைப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கழிவறைக் கதவிலும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலும் அதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். அழைத்தால் மறுபக்கத்தில் தமிழில் பேச ஆள் இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்திடம் நாங்கள் வைக்கிற கோரிக்கை.

இதற்கெல்லாம் பெரிய காசு தேவையில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசி முடிக்கக்கூடிய காரியம். அந்தச் சங்கத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் போகிறோம்? கூட்டத்துக்குப் போனால் காசு கேட்பார்கள் என்று பயந்து ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கினால் தீர்மானத்தை மற்றவர்கள் எடுப்பார்கள், காசையும் கேட்பார்கள்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுக்க வேண்டும். மாதர் அணித் தலைவிமார் முன்னால் வர வேண்டும். கங்காணிமாரும் தலைவர்மாரும் மட்டும் உட்கார்ந்து பெண்பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக் கலைவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேலே எழுதிய கோரிக்கைகளை ஒரு கடிதமாக எழுதி, பெற்றோரின் கையெழுத்தோடு அதிபருக்கு ஒரு பிரதி, வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு பிரதி, நமது சங்கக் காரியாலயத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள், பதிலையும் தமிழிலேயே கேளுங்கள். கையெழுத்து வைத்த பெற்றோரின் பிள்ளைக்குப் பாடசாலையில் ஏதாவது கெடுபிடி வந்தால் அன்றைக்கே மாவட்டப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள்.

கொழும்பில் வீட்டு வேலையில், கடை வேலையில் இருக்கிற உங்கள் பிள்ளைகளிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, போன் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். 'அம்மாவிடம் இருக்கு' என்று வீட்டுக்காரரைச் சொன்னால், அந்த வீட்டின் விலாசத்தை எழுதி வாங்கிச் சங்கத்தில் கொடுங்கள். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி குற்றம். தரகர் வந்து பதினெட்டு என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள்.

சிறுவர்களுக்கு எதிரான துன்புறுத்தல் பற்றி முறையிட 1929. பெண்களுக்கு 1938. மனம் உடைந்து, யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1926. இந்த மூன்று இலக்கங்களையும் லயத்துச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள், போன் இல்லாத வீட்டுப் பிள்ளையும் பார்க்கட்டும்.